பாம்புக் காதும் மூக்குக் கண்ணாடியும்

என் அக்கா புருஷனுக்கு மாவு மில்லில் 'பாம்புக் காது' என்று பட்டப்பெயர். இருபத்தாறு வருஷமாக அங்கே மெஷின் ஓட்டுகிறார். இரண்டு மெஷினும் சேர்ந்து ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அந்த இரைச்சலில், வாசலில் நிற்பவர் "நைசா அரைங்க" என்று முணுமுணுத்தால் போதும், மாமா உள்ளேயிருந்தே தலையாட்டுவார். வீட்டில் டிவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, செய்தி வாசிக்கிறவரோடு சண்டை போடுவார். எப்பேர்ப்பட்ட காது என்று நாங்களும் மெச்சிக்கொண்டோம். எங்கள் குடும்பத்துக்கு அவ்வளவுதான் மூளை.

போன் மட்டும் அவருக்கு ஆகாது. "கரகரங்குது மாப்ளே, மட்டமான போன்" என்பார். நாலு போன் மாற்றியாயிற்று. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஞாயிறுதோறும் கூப்பிடுவாள். இவர் "சரி, சரி, உடம்பைப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனை அக்காவிடம் தள்ளிவிடுவார். அந்த வேலைக்குப் போகக் கூடாதென்று முதலில் ஒற்றைக்காலில் நின்றவர் அவர். அப்பாவுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிறு நேராகவே கேட்டுவிட்டாள். "என்னைப் பிடிக்கலைன்னா சொல்லிடுங்கப்பா. நான் இனிமே வீட்டுக்கே வரலை."

"சரி, சரி, உடம்பைப் பாத்துக்க" என்றார் மாமா.

அவள் என்னிடம் அழுது தீர்த்தாள். அதோடு போன் நின்றது. மூன்று ஞாயிறு போயிற்று.

"போன்ல ஒண்ணும் புரியலை, எப்பவும் போல சரின்னேன்" என்று மாமா மன்றாடினார்.

"பாம்புக் காதுக்கா கேக்கலை?" என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகளும் என்னிடம் அதையே சொன்னாள். எனக்கும் நம்பிக்கை வரவில்லை.

பிறகு ஒருநாள் மில்லில் மூட்டை சரிந்து அவருடைய கண்ணாடி நொறுங்கியது. மாவு பூசிய முகத்தோடு ஓடிவந்தார். "மாப்ளே, காது போச்சு!"

"போனது கண்ணாடி, மாமா."

"அதுவும் போச்சு. யார் பேசறதும் விளங்கலை!"

மறுநாள் புதுக் கண்ணாடி மாட்டியதும் காது திரும்பி வந்துவிட்டது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. காது டாக்டரிடம் இழுத்துப் போனேன். டாக்டர் நோட்டால் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ கேட்டார். மாமா பேந்தப் பேந்த விழித்தார். நோட்டை இறக்கிவிட்டு அதையே கேட்டதும், "சாப்பிட்டாச்சு டாக்டர்" என்றார்.

"உங்க காது பாதி போய் வருஷக்கணக்காச்சு. உதட்டைப் பாத்துத்தான் புரிஞ்சுக்கறீங்க" என்றார் டாக்டர்.

"அப்ப அந்த நாலு போனு?"

"நல்ல போன்தான்."

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார் மாமா. "இத்தனை வருஷம் போன்ல பிள்ளை என்ன பேசுச்சுன்னே எனக்குத் தெரியாது மாப்ளே" என்றார். எனக்குச் சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது.

அங்கிருந்தே மகளுக்கு வீடியோ கால் போட்டேன். விறைப்பாகத்தான் எடுத்தாள். நடந்ததைச் சொன்னேன். மாமா போனைப் பிடுங்கி மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அம்மாடி, இப்பச் சொல்லு. முதல்லேருந்து சொல்லு. எல்லா ஞாயித்துக்கிழமையும் சொல்லு."

அவள் சிரித்தாள். உடனே உடைந்துபோய், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு ஏதோ சொல்லிச் சொல்லி அழுதாள்.

ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும்படி மாமா கத்தினார். "கையை எடும்மா, ஒண்ணுமே கேக்கலை!"