காஜாங்கில் அடைத்துக்கொண்ட ஒரு வாய் சாத்தே

இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைச் சிகிச்சை செய்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. சீனி, எண்ணெய், சோறு எல்லாவற்றையும் குறைத்து, முட்டை, மீன், கோழி என்று புரதமாகவே சாப்பிட்டு வந்தேன். கிள்ளானில் என் சொந்தக்காரர்களுக்கு நான்தான் டயட் பாடம் எடுப்பேன்.

ஒரு ஞாயிறு, கணவரோடு காஜாங்கில் ஒரு கடையில் சாத்தே, அதாவது குச்சியில் குத்தித் தணலில் சுட்ட கோழிக்கறி, சாப்பிட உட்கார்ந்தேன். தொட்டுக்கொள்ள வைத்த, சீனியும் எண்ணெயும் சேர்ந்த கடலைக் குழம்பைத் தொடவே இல்லை. "வெறும் கோழிதானேங்க, எனக்கு நல்லது" என்று சொல்லிக்கொண்டே, பழைய பழக்கத்தில் குச்சியிலிருந்த கறியைப் பல்லால் ஒரே இழுப்பாக இழுத்து விழுங்கிவிட்டேன்.

நெஞ்சில் கல்லை வைத்ததுபோல் அடைத்தது. எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. தண்ணீர் குடித்தேன், அதுவும் இறங்காமல் திரும்பி வந்தது.

"என்னம்மா ஆச்சு? ஆஸ்பத்திரிக்குப் போலாம் லா!" என்று அவர் பதறினார். கழிவறைக்கு ஓடி வாந்தி எடுத்தேன். கோழி முழுத் துண்டாகவே வந்தது. அப்புறம்தான் மூச்சு சீரானது.

மறுநாள் டயட்டீஷியனிடம் சொன்னேன். "கோழி சரிதான் அக்கா. எத்தனை தடவை மென்னீங்க?" என்று கேட்டார். சொந்தக்காரர்களுக்குப் பாடம் எடுப்பவள், அன்று மெல்லுவதற்குப் பாடம் கேட்டுக்கொண்டு வந்தேன்.

இப்போதும் காஜாங் போகிறோம். கறியைக் குச்சியிலிருந்து உருவி, நகத்தளவுக்கு நறுக்கி, கூழாகும்வரை மெல்கிறேன். முன்பெல்லாம் நான் சாப்பிடும் வேகத்தில் கணவருக்கு ஒரு குச்சி மிஞ்சினாலே பெரிது. இப்போது அவர் கை கழுவிவிட்டு வந்து எனக்காக உட்கார்ந்திருக்கிறார். உட்காரட்டும், நான் அவசரப்படுவதாக இல்லை.