குல்லாய் போட்ட மூன்றாவது வேடம்

2024 ஜூலை 20, சனிக்கிழமை, மாலை ஆறே முக்கால். விட்டு விட்டுத் தூறல். காதை மூட என் மங்கி குல்லாய் இல்லை. நான்கு நாளாகத் தேடியும் அகப்படவில்லை. தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு நாடக அரங்கின் எட்டாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன். முழங்கால் வலித்தது.

நடிப்பவள் என் மகள். பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. சனி, ஞாயிறு நாடகம். அலுவலகத்தில் அவளை நியூ ஜெர்சிக்கு மாற்றுகிறார்கள். சம்மதமா என்று திங்கட்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். வீட்டில் அவள் வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

நாடகமும் அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய நகைச்சுவைதான். எழுதியவர் அங்கேயே பிறந்து வளர்ந்தவராம். பதினொரு பாத்திரங்கள், நடிகர்கள் நால்வர். மகளுக்கு மூன்று வேடம்: பள்ளி ஆசிரியை, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி, பெங்களூரிலிருந்து மகனுக்கு ஃபோன் செய்யும் கிழவர்.

கிழவர் வந்தார். தலையில் என் குல்லாய். இடது காதருகே நான் போட்ட கறுப்புத் தையல்கூடத் தெரிந்தது.

"சாப்டியா? குளிருதா? சரி, வெச்சிடறேன்."

அரங்கம் சிரித்தது. ஐந்து தடவை பேசினார், ஐந்து தடவையும் பட்டென்று வைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எஸ்.டி.டி. கட்டணத்துக்குப் பயந்த காலத்திலிருந்து ஃபோனில் நானும் அப்படித்தான்.

மூன்றாவது தடவை அவசரத்தில் குல்லாயைக் கழற்றாமல், அதன்மேலேயே பொன்னிற விக்கை மாட்டிக்கொண்டு வெள்ளைக்காரி வந்து நின்றாள். மகனாக நடித்தவன் சமாளித்தான்: "ஆன்ட்டி, எங்கப்பா உங்க வீட்டுக்கு வந்துட்டாரா?" கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

நாடகம் முடிந்ததும் மகள் வாசலுக்கு வந்தாள்.

"என்னப்பா, கோவமா?"

"என் குல்லாயத் திருடிட்டு, என்னையே கிண்டல் பண்றியா?"

"ட்ரெஸ் மாத்த இருபது செகண்ட்தாம்ப்பா கிடைக்குது. அதான் அவரு டக்குனு வெச்சிடறாரு."

"அவ்ளோதானா?"

"பாதி அதான்" என்று சிரித்தாள்.

குல்லாய்க்குக் கையை நீட்டினேன். அவள் அதை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இது எங்கிட்டயே இருக்கட்டும்ப்பா. அங்க ஜனவரில பனி கொட்டுமாம்."

மழை வலுத்தது. கைக்குட்டையை மறுபடி தலையில் போட்டுக்கொண்டேன்.

"தினம் ஃபோன் பண்ணுவியா?"

"நீங்க வெக்காம இருந்தா பண்றேன்."

டிக்கெட் 300, போக ஆட்டோ 280, மழையில் திரும்ப ஆட்டோ 420, மறுநாள் வாங்கிய புதுக் குல்லாய் 250. ஆக மொத்தம் 1,250 ரூபாய்.