ஒற்றை சீட்டும் ஓட்டை ஜீப்பும்

போன செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு போன். ஹலோ சொல்வதற்குள், "அங்கிள், லைசென்ஸ் வந்துடுச்சுங்க" என்றது ஒரு பெண் குரல்.

நஸ்ரின். பேளுக்குறிச்சி மிளகு வியாபாரி காதர் பாயின் மகள். ரேஸ் கார் ஓட்டுகிறாள். நாலு சக்கரமும் வெளியே துருத்திக்கொண்டு, தரையோடு தவழ்ந்து போகுமே... அந்த ஃபார்முலா கார். அடுத்த மாதம் இங்கிலாந்தில் ஒரு டீமுக்காக ஓட்டப் போகிறாள். எங்கள் பக்கத்திலிருந்து இந்த விளையாட்டில் அவ்வளவு தூரம் போன ஆள் வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

அப்படிப்பட்டவளுக்கு எதற்குப் புதிதாக லைசென்ஸ் என்கிறீர்களா? இது நம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் கொடுக்கிற சாதா லைசென்ஸ். ரேஸ் டிராக்கில் சின்ன வயதிலேயே ஓட்டலாம். சந்தைக்குப் போய் வெங்காயம் வாங்கிவர வேண்டுமென்றால் பதினெட்டு வயது முடிய வேண்டும்!

"இனிமே அந்த விஷயத்த எழுதிக்கோங்க அங்கிள். அத்தாவும் சரின்னுட்டாங்க" என்றாள். ஒரு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்த அனுமதி அது. எழுதிவிடுகிறேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ் அன்பர்கள் மட்டும் தயவுசெய்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. தொண்ணூற்றி ஏழாம் வருஷம், நஸ்ரினுக்கு ஒன்பது வயது. கோயம்புத்தூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், கோ-கார்ட் என்ற குட்டி வண்டியில் அவளை உட்கார வைத்தார் பாய். நேரம் முடிந்தும் இறங்க மாட்டேன் என்று ஒரே அழுகை. வேறு அப்பாவாக இருந்தால் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து இழுத்துக்கொண்டு வந்திருப்பார். பாய் என்ன செய்தார் தெரியுமா? விசாரித்து, பழைய கார்ட் ஒன்றை வாங்கி, லாரியில் போட்டு ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்.

சரி, ஓட்டுவது எங்கே? எங்கள் பக்கம் சேகோ ஃபேக்டரிக்குப் பஞ்சமா? ஜவ்வரிசி காயப்போடுகிற சிமென்ட் களங்கள் விஸ்தாரமாகக் கிடக்கும். மழைக்காலத்தில் எதைக் காயப்போடுவது? களம் சும்மாதான் இருக்கும். சிநேகிதர் ஒருவரின் களத்தில் பழைய லாரி டயர்களை வளைத்து வளைத்து அடுக்கி டிராக் போட்டார் பாய். அந்த ஈரக் களத்தில் வழுக்கி வழுக்கித்தான் நஸ்ரின் ஓட்டப் பழகினாள். "பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்குங்க பாய்?" என்று கேட்காத ஆள் இல்லை. "புள்ள நல்லா ஓட்டுதுங்களே" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார்.

அப்புறம் கோயம்புத்தூர், சென்னை, பெங்களூர் என்று கார்ட் போட்டிகள். கப்புகள். பதினைந்து வயதில் ஃபார்முலா கார். ஒவ்வொரு போட்டியிலும் வேலி ஓரத்தில் பாய் ஒரு எண்ணெய் டின்னோடு நிற்பார். முன்னால் போகிற வண்டியை முந்த இடம் கிடைக்கிறது என்று அவருக்குப் பட்டால், டின்னைத் தூக்கி 'டக் டக்' என்று இரண்டு தட்டு. 'போ' என்று அர்த்தம். அந்த இன்ஜின் இரைச்சலில் எங்கே கேட்கப் போகிறது? ஆனால் அத்தாவின் கை எழுவது அவளுக்குத் தெரியும். போய்விடுவாள். ஒரு தடவைகூட மறுத்ததில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

போன தை மாதம். அரியூர் நாடு என்கிற மலைப் பகுதியில் மிளகு பார்க்கக் கொல்லிமலைக்குக் கிளம்பினார் பாய். லீவுக்கு வந்திருந்த நஸ்ரினும் கூட வந்தாள். அவளைப் பற்றி எழுதலாமே என்று நானும் தொற்றிக்கொண்டேன். பாயின் ஜீப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் வியாபாரம் தொடங்கிய நாளிலிருந்து ஓடுகிறது. ஸ்டியரிங்கில் இருந்த ஹாரன் பொத்தான் என்றைக்கோ செத்துப்போனது. அதற்குப் பதிலாக டேஷ்போர்டின் நடுவே ஒரு காலிங் பெல் ஸ்விட்சைப் பொருத்தி வைத்திருந்தார். மணி படம் போட்ட வீட்டு ஸ்விட்ச்!

மலை ஏறும்போது, "ரேஸ்ல உனக்குப் பயமே வராதாம்மா?" என்று கேட்டேன்.

"எதுக்கு அங்கிள் பயம்? அங்க எல்லாரும் ஒரே பக்கந்தானே போறோம். ரோட்டுலதான் எதிர்ல வர்றாங்க."

பாய் பெருமையாகச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பொன்னுசாமி என்ற விவசாயியின் தோட்டம். கொடியில் காய் எப்படிப் பிடித்திருக்கிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே மரத்தடிக்குப் போனார் பாய். மேலே கதண்டுக் கூடு இருந்தது. கதண்டு தெரியுமில்லையா? குளவிக்குப் பெரியப்பா. மாட்டையே சாய்த்துவிடும் என்பார்கள். கழுத்திலும் முகத்திலும் நாலைந்து கொட்டு. பாய் துண்டால் தலையை மூடிக்கொண்டு ஓடிவந்தார். ஓடி வந்தவர் நல்லாத்தான் இருந்தார். கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கியது. அப்புறம் குரல் கம்மியது. "நாக்கு தடிச்சுப் போச்சுங்க சார்" என்று அவர் சொன்னதே எனக்குப் பாதிதான் புரிந்தது.

தோட்டத்துக்குப் பக்கத்திலேயே சுகாதார நிலையம் இருந்தது நல்லதாகப் போயிற்று. நர்ஸம்மா உடனே ஊசி போட்டார். வீக்கம் கொஞ்சம் தணிந்தது. ஆனால் நர்ஸம்மாவின் முகம் தெளியவில்லை.

"இது கொஞ்ச நேரந்தானுங்க தாங்கும். மறுபடி வீங்குச்சுன்னா மூச்சு அடைச்சுக்கும். எங்க வண்டி ஒரு பிரசவ கேஸோட கீழ போயிருக்குது. ஜீப்பு இருக்குதில்லீங்க? நிக்காம கொண்டு போயிடுங்க."

ஜீப் இருந்தது. ஓட்டுவது யார்? பொன்னுசாமி சைக்கிளோடு சரி. எனக்கு ஸ்கூட்டர் தெரியும்... அதுவும் என் மனைவி பின்னால் உட்கார மறுக்கிற அளவுக்குத்தான் தெரியும். முகூர்த்த நாள், அந்த ஊர் ஜீப்புகள் எல்லாம் கல்யாணத்துக்குக் கீழே இறங்கியிருந்தன. மூன்று பேரும் ஒரே நேரத்தில் நஸ்ரினைப் பார்த்தோம்.

அவள் சேகோ களத்துக்குள் அந்த ஜீப்பை ஓட்டியிருக்கிறாள். ரோட்டில் ஒரு அடிகூட ஓட்டியதில்லை. பதினெட்டு முடியாமல் ரோட்டில் கை வைக்கக் கூடாது என்பது பாயின் கண்டிப்பான உத்தரவு. அந்த நிலைமையிலும் பாய் கையை ஆட்டினார். "லைசென்ஸ்..." என்று மூச்சு விட்டார்.

"அத்தா, சும்மா இருங்க" என்றாள். செருப்பைக் கழற்றிப் போட்டாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

பொன்னுசாமி பின்னால் பாயைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். நான் முன்னால், அவள் பக்கத்தில். கீழே எழுபது கொண்டை ஊசி வளைவு.

முதல் வளைவை அவள் எடுத்த அழகைப் பார்த்திருக்க வேண்டும். வெளி ஓரத்திலிருந்து சர்ரென்று உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளியே... வெண்ணெயில் கத்தி இறங்கியது போல. ரேஸில் அப்படித்தான் எடுப்பார்களாம். ரோட்டின் முழு அகலமும் அவளுடையது. ஆனால் இங்கே அதில் பாதி எதிரில் வருகிறவனுடையது என்று யார் அவளுக்குச் சொல்வது? அடுத்த வளைவை அப்படியே எடுத்தபோது எதிரே பஸ்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பஸ் எங்கள் மூக்குக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் தலையை நீட்டினார். "ஏம்மா, ரோடு என்ன உங்கப்பன் போட்டதா? ஏறுற வண்டிக்கு வழி விடோணும்னு தெரியாது? ஒரு ஹாரன் அடிக்க மாட்ட?"

"சாரிங்ணா" என்றாள். அந்த அப்பன் பின் சீட்டில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

பஸ் போனதும் அவள் வண்டியை எடுத்தாள். "நான் ஓட்டுன வண்டி எதுலயும் ஹாரனே இல்ல அங்கிள். கை அங்க போகவே மாட்டேங்குது" என்றாள்.

நிஜம்தானே? கார்ட்டிலும் கிடையாது, ஃபார்முலா காரிலும் கிடையாது. ஹாரன் என்ன, பக்கத்து சீட்டே கிடையாது! பவர் ஸ்டியரிங் இல்லாத ஜீப்பை ஒடிக்க அவளுக்கு இரண்டு கையும் போதவில்லை. "நீ ஓட்டு கண்ணு. ஹாரனை நான் பார்த்துக்கறேன்" என்றேன். அன்றைக்கு முழுசாக நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அந்தக் காலிங் பெல்லை அழுத்து அழுத்து என்று அழுத்தினேன். அவள் இப்போது இடது ஓரத்தை விடவே இல்லை.

"அத்தா எப்படி இருக்காங்க?"

"மூச்சு இருக்குது சாமி. நீ ரோட்டப் பாரு" என்றார் பின்னாலிருந்து பொன்னுசாமி.

பாதி மலை இறங்கியிருப்போம். கருகல் வாடை அடித்தது. "பிரேக் பெடல் கீழ இறங்குது அங்கிள்" என்றாள். கடைக்குப் போய் வருகிறேன் என்பது போலச் சொன்னாள். கியரைக் குறைத்தாள். இன்ஜின் அலறியது, வண்டி நிதானப்பட்டது. பிரேக்கைத் தொடாமல், இன்ஜின் பிடியிலேயே நாலைந்து வளைவு இறக்கினாள். பிரேக்கை ஆற விட வேண்டுமாம். பிரேக் ஆறலாம்... தொண்டை காத்திருக்குமா? பின்னால் பாயின் மூச்சு இப்போது விசில் மாதிரி கேட்க ஆரம்பித்திருந்தது.

அப்போதுதான் அந்த லாரி வந்து வாய்த்தது. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி லோடு. எங்களுக்கு முன்னால் ஆமையாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் காலிங் பெல்லிலிருந்து கையை எடுக்கவே இல்லை. லாரிக்காரர் ஒதுங்கவும் இடமில்லை.

ஒரு வளைவுக்கு முன்னால் லாரி இடது பக்கம் ஒடுங்கியது. வலது பக்கம் இடம் தெரிந்தது. ஜீப் நுழைகிற அளவுக்கு இடம். இவள் பிழைப்பே முந்துவதுதானே? அதுவரை மெதுவா மெதுவா என்று முனகிக்கொண்டிருந்த நான், "போ நஸ்ரின், போயிடு" என்று கத்தினேன்.

அவள் போகவில்லை.

பின்னாலிருந்து சத்தம் வந்தது. டக் டக். பாய். பேச முடியாமல், ஜீப்பின் தகர ஓரத்தைத் தட்டினார். ஒன்பது வயதிலிருந்து அவள் மீறாத தட்டு. இந்தத் தடவை காதிலேயே விழுந்தது. மறுபடியும் டக் டக்.

நஸ்ரினின் கண்ணில் நீர் கொட்டியது. கை அசையவில்லை. "முன்னாடி தெரியலத்தா" என்றாள். "எனக்குத் தெரியல."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. பெற்ற தகப்பன் உயிருக்குப் போராடுகிறான், இந்தப் பெண் என்ன லாரிக்குப் பின்னால் ஊர்வலமா போகிறது? திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் வளைவிலிருந்து ஒரு டூரிஸ்ட் வேன் விர்ரென்று ஏறி வந்து, லாரியை உரசுகிற மாதிரி கடந்து போனது. ஹாரன் அடிக்கவில்லை. நாங்கள் நுழைந்திருக்க வேண்டிய இடம் முழுக்க அந்த வேன்தான். உள்ளே ஜன்னல் ஓரத்தில் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வளைவு அகலமானது. லாரி ஒதுங்கி நின்றது. கிளீனர் குதித்து, கீழே எட்டிப் பார்த்து, வரச் சொல்லிக் கையைக் காட்டினான். அப்போதுதான் முந்தினாள். அடிவாரம் வந்தது. நாமக்கல் ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது பாயின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. கதவு மூடிக்கொண்டது. அதுவரை கல்லாக இருந்த பெண், ஜீப் படியில் உட்கார்ந்து வெடித்து அழுதாள். "லேட் பண்ணிட்டேனா அங்கிள்? லேட் பண்ணிட்டேனா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

பாய் பிழைத்தார். இல்லாவிட்டால் இதை எழுத மனசு வருமா?

மூன்றாம் நாள் அவருக்குக் குரல் திரும்பியது. நான் ஆரஞ்சுப் பழத்தோடு போயிருந்தேன். கட்டில் ஓரத்தில் நஸ்ரின் உட்கார்ந்திருந்தாள். கரகரத்த குரலில் பாய் முதல் வேலையாக அவளைத்தான் விசாரித்தார்.

"லாரிக்குப் பின்னால ஏன் கண்ணு நின்ன? எடம் இருந்துச்சுல்ல? நான் தட்டுனேனே... கேக்கலியா?"

"கேட்டுச்சுத்தா."

"அப்பறம்? ரேஸா இருந்தா போயிருப்பியில்ல?"

நஸ்ரின் தலையைக் குனிந்துகொண்டாள். "ரேஸ்ல வண்டிக்குள்ள நான் மட்டுந்தானேத்தா இருப்பேன். அன்னிக்கு நீங்க இருந்தீங்க."

பாய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். துண்டால் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. நான் ரொம்ப அக்கறையாக ஆரஞ்சுப் பழம் உரிக்க ஆரம்பித்தேன்.

அதற்கப்புறம் பாய் எந்தப் போட்டிக்கும் டின் எடுத்துப் போவதில்லை. வேலி ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவரும் இல்லாமல் அவள் ஓட்டப் போகிற முதல் ஊர் இங்கிலாந்து.

ஜீப்புக்காவது ஒழுங்காக ஒரு ஹாரன் வைக்கக் கூடாதா என்று நேற்றுக்கூட பாயிடம் கேட்டேன்.

"எதுக்குங்க சார்? அதான் நீங்க இருக்கீங்களே."