காட்டு ஃபைட்டர் கட்டிய நுரை

எங்கள் மாமா மீன் வளர்த்த கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும், அந்தக் காட்டு மீன் தன் முட்டையைத் தானே தின்றுவிட்டது என்றுதான் சொல்வார்கள். அது தின்னவில்லை. என் தலையே நரைத்தாயிற்று. இனிமேல் சொன்னால் என்ன.

தொண்ணூற்று நாலோ ஐந்தோ. எனக்குப் பத்து வயது. தமிழ் பேசும் எங்கள் ஊர் மார்டள்ளியில் எனக்குத் தம்பி பிறந்ததும் அம்மா என்னை மைசூரில் தன் தம்பி வீட்டில் கொண்டுவந்து விட்டாள். மாமாவுக்கு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. அத்தை ஊதுபத்தி உருட்டப் போவாள். பள்ளிக்கூடத்தில் எல்லாம் கன்னடம். பக்கத்தில் உட்கார்ந்த பெண் அந்த வருஷம் முழுக்க என்னிடம் பேசியது பத்து வார்த்தை இருக்காது. வீட்டுக்கு வந்து, நானே பூட்டைத் திறந்து, நானே சோறு போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சாப்பிடுவேன். போன இடத்தில் சும்மா உட்காராதே என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அதனால் கையில் கிடைத்ததையெல்லாம் தேய்த்தேன். நான் தேய்த்த குண்டானில் முகம் பார்த்துத்தான் அத்தை பொட்டு வைத்துக்கொள்வாள். அதை இப்போதும் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

மாமாவுக்கு ஃபைட்டர் மீன் பைத்தியம். ஜன்னலோரம் வரிசையாகப் பாட்டில்கள். பாட்டிலுக்கு ஒரு மீன், நடுவில் அட்டை. ஒன்றையொன்று பார்த்துவிட்டால் செவுளை விரித்துக்கொண்டு நாள் முழுக்கக் கண்ணாடியில் மோதும். கப்பல் வேலைக்குப் போன கூட்டாளி ஒருவர் தாய்லாந்திலிருந்து காட்டு மீன் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். கறுப்பாக, குட்டைத் துடுப்போடு, பார்க்க ஒன்றுமேயில்லை. வெயில் பட்டால் மட்டும் பச்சையும் நீலமுமாக மினுங்கும்.

"கடை மீனுக்கு நெறம் இருக்குது, தெம்பு இல்ல. இவனுக்குத் தெம்பு இருக்குது, நெறம் இல்ல. ரெண்டையும் சேத்தா வர்ற குஞ்சு மைசூருல எவங்கிட்டயும் இருக்காது," என்பார் மாமா.

"மீனுக்குச் சம்பந்தம் பேச நேரமிருக்குது. ஒழுகுற ஓடு மாத்தத்தான் நேரமில்ல," என்பாள் அத்தை.

கடைப் பெண் மீன் ஒன்றையும் காட்டு மீனையும் ஒரு பிளாஸ்டிக் பேசினில் மூன்று தடவை சேர்த்துப் பார்த்தார். கடை மீனின் வால் கிழிந்ததுதான் மிச்சம். நாலாம் தடவை, ஒரு சனிக்கிழமை காலை, பெண் மீனை மட்டும் பேசினிலிருந்து எடுத்துத் தனியாக விட்டுவிட்டு, விசிலடித்துக்கொண்டே வேலைக்குப் போனார். ஏன் விசில் என்று நான் கேட்கவில்லை.

அரைநாள் பள்ளி முடிந்து வந்து பார்த்தேன். பேசினில் தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. அடியில் பாதாம் மரத்துச் சருகு ஊறிக் கிடந்தது. மேலே ஓரமாகச் சோப்பு நுரை மாதிரி ஒரு திட்டு. துணி அலசின தண்ணீரில் மீனை விட்டது போலப் பட்டது எனக்கு. சுத்தம் செய்து வைத்தால், ஊருக்குப் போடும் கடிதத்தில் மாமா என்னைப் பற்றி நல்லதாக இரண்டு வரி எழுதுவார் என்று நினைத்தேன். காட்டு மீனைச் சொம்பில் பிடித்து வைத்தேன். மற்றதைச் சாக்கடையில் கொட்டினேன். தேங்காய் நாரால் பேசினைத் தேய்த்து, டிரம்மிலிருந்து நல்ல தண்ணீர் ஊற்றி, மீனைத் திரும்ப விட்டேன். அது நுரை இருந்த இடத்துக்கே போய்ப் போய் வந்தது.

மூன்று மணிக்கு மாமா வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் பேசின் பக்கத்தில் போய்க் குந்தினார். உள்விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். பின்னாலேயே அத்தையும் வந்துவிட்டாள்.

"என்னாச்சுங்க? நுரைக்குள்ள முட்டை இருக்குதுன்னு காலையில சொன்னீங்களே, நுரையவே காணோம்?"

அது முட்டைக்காக அந்த மீன் வாயால் ஊதிக் கட்டின நுரை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வாசல்படியிலேயே நின்றுவிட்டேன்.

மாமா திரும்பவில்லை. "தின்னுபுட்டான்," என்றார். "காட்டுப்பயதானே."

"தன்னோடதையேவா? கருமம்!"

நான்தான் கொட்டினேன் என்று சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஊருக்குப் போக ஆசைதான். ஆனால் தப்பு செய்து துரத்தப்பட்டவளாகப் போகமாட்டேன். அந்த வயதிலேயே அவ்வளவு வீம்பு.

அந்த வாரம் முழுக்க மாமா தினமும் ஒரு தடவை கேட்டார்: "ஏங்கண்ணு, ஏதாச்சும் சொல்லணுமா?"

"ஒண்ணுமில்லீங்க மாமா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கப்பல்காரர் வந்தார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "முட்டை திங்கிறது வம்சத்துக்கு ஆகாதுப்பா. குடு, எங்கூட்டுப் பசங்க வேடிக்கை பாக்கட்டும்."

மாமா மீனைப் பாட்டிலுக்கு மாற்றினார். மூடியை எடுத்தவர் நிறுத்தி என்னைப் பார்த்தார். "என்ன கண்ணு, குடுத்தரட்டுமா?"

நாக்கு நுனிவரை வந்தது. "உங்க இஷ்டமுங்க மாமா," என்றேன்.

மெதுவாகத்தான் மூடினார்.

அன்று சாயங்காலம் என்னை மட்டும் கூட்டிக்கொண்டு நடந்தார். வழியில் சுட்ட சோளம் வாங்கித் தந்தார். தப்பித்துவிட்டோம் என்று கடித்தேன். இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறாரே என்று அவர்மேல் பாவமாகக்கூட இருந்தது. முட்டையைத் தின்கிற மீன் சருகை வெளியே எறிந்து, பேசினையும் தேய்த்தா வைக்கும்? அது எனக்குத் தோன்றவேயில்லை. அவர் வழிநெடுக அடிக்கடி நின்று, என் முகத்தைப் பார்த்துப் பார்த்து வந்தார். நான் சோளத்தைத் தின்று முடிக்கட்டும் என்றுதான் நிற்கிறார் என்று நினைத்து, அவசர அவசரமாகத் தின்றேன்.