பிரசவ அறையில் வைத்த பேட்டரி

என் பிரசவ மேசையின் மேல் ஒருவன் செருப்புக் காலோடு ஏறி நின்றான். செருப்பில் கொல்லிமலைச் செம்மண் சேறு கனமாக அப்பியிருந்தது. அன்று காலையில்தான் அந்த மேசையைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் துடைத்து, ரப்பர் விரிப்பை வெயிலில் காயவைத்து எடுத்து விரித்திருந்தேன். அவன் விரிப்பின் மேலேயே நின்று, ஓட்டுக் கூரையின் சட்டத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். வாயில் வெற்றிலை.

சோலார் விளக்கு மாட்ட வந்த ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் அவன். அவனை ‘அவர்’ என்று எழுத எனக்கு இன்றும் கை வரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் கொல்லிமலையில், திண்ணனூர் நாட்டில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம நர்ஸாக இருந்தேன். மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை ஒரு ‘நாடு’ என்பார்கள். எங்கள் ஊர் மலையடிவாரத்தில், பேளுக்குறிச்சிப் பக்கம். அப்பாவுக்குச் சொந்தக் காடு, கிணறு, மாடு எல்லாம் உண்டு. எந்த நேரமும் சாணியும் சகதியுமாகவே இருந்த வீட்டில் பிறந்து, நான் மட்டும் எப்படி இத்தனை சுத்தக்காரி ஆனேன் என்று அம்மா அலுத்துக்கொள்வாள். மலையில் எனக்குக் கொடுத்த கட்டடத்தில் முன்னால் பிரசவ அறை, பின்னால் நான் குடியிருக்க ஓர் அறையும் அடுப்படியும். வாசலில் கரண்டுக் கம்பம் நட்டிருந்தார்கள். கம்பி மட்டும் வரவில்லை. அரிக்கேன் விளக்கைத் தலைமாட்டில் மாட்டி, டார்ச்சை யாராவது ஒரு பெண்ணின் கையில் கொடுத்துவிட்டுத்தான் பிரசவம் பார்ப்பேன். டார்ச் பிடிக்கிறவள் ரத்தத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வெளிச்சமும் அவளோடு சுவருக்குத் திரும்பிவிடும்.

அதனால் சோலார் வரப்போகிறது என்று கேட்டதும் நான் சந்தோஷப்பட்டது உண்மை. சுவருக்கு நானே சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தேன்.

“ஏனுங்க, கீழ இறங்குங்க. அது பொம்பளைங்க படுக்கற மேசைங்க” என்றேன்.

அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “ஏணி கொண்டாரலீங்க நர்ஸம்மா. தொடச்சாப் போயிருது.”

இறங்கியதும் அவன் செய்தது இன்னும் மோசம். ஊசிகளைக் கொதிக்கவைத்து மூடி வைத்திருந்த தட்டைத் திறந்து, அதில் இருந்த தண்ணீரில் கை கழுவினான். கழுவிய கையை என் பஞ்சுச் சுருளில் துடைத்தான். பிறகு ஜன்னல் வழியாக எச்சிலைத் துப்பினான். பாதி வெளியே போனது. பாதி என் புதுச் சுண்ணாம்புச் சுவரில் வழிந்தது.

அவனோடு வந்த இரண்டு ஆட்கள் கூரைமேல் ஓடுகளை மிதித்து உடைத்துக்கொண்டு, பேனலைக் கட்டுக்கம்பியால் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். பேனலின் முகம் ரோட்டைப் பார்த்து இருந்தது. ரோடு எங்களுக்கு வடக்கே. பக்கத்தில் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள் வேறு. மத்தியானம் திரும்பினால் கூரை முழுக்க நிழல் விழும்.

“இந்தப் பக்கம் வெயில் வராதுங்களே?” என்று கேட்டேன்.

“ஆபீசருங்க ஜீப்புல வந்தா ரோட்டுலருந்தே பேனல் தெரியோணுமில்லீங்க?” என்றான். கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் காரணம் என்று நம்பித்தான் சொன்னான்.

பெரிய லாரி பேட்டரி ஒன்றைத் தூக்கி வந்து பிரசவ மேசைக்கு அடியில் தள்ளினான். வேறு இடம் பார்க்கச் சொன்னேன். “இங்கதான் நெழலு. யாரும் திருடவும் மாட்டாங்க” என்றான். வயர் எட்டவில்லை. நூல் போல மெல்லிய இன்னொரு வயரை எடுத்து அதோடு முறுக்கினான். முறுக்கிய இடத்தில் சுற்ற டேப் இல்லை. என் அலமாரியைத் திறந்து, காயத்துக்குக் கட்டுப் போடும் பிளாஸ்டரை எடுத்துச் சுற்றினான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுவரில் ஒரு தகரப் பெட்டியை மாட்டி, “இதுதானுங்க கண்ட்ரோலரு. இதுல நீங்க கை வெக்கக் கூடாது” என்று மட்டும் எச்சரித்தான்.

சில நாளில் ஆபீசர்கள் வந்தார்கள். ரிப்பன் வெட்டினார்கள். விளக்கு எரிந்தது, எல்லாரும் கைதட்டினார்கள். லட்டு கொடுத்தார்கள். எச்சில் வழிந்த சுவருக்கு முன்னால்தான் போட்டோ எடுத்தார்கள். நான் அந்த லட்டைத் தின்னவில்லை.

அதற்குப் பிறகு நாற்றம் ஆரம்பித்தது. அழுகின முட்டை நாற்றம். வெயில் அடிக்கும் காலை நேரத்தில் பேட்டரி கொதிக்கிற சத்தம் கேட்கும். அடுப்பில் சோறு கொதிக்கிற மாதிரி. பேட்டரியில் வயரை மாட்டியிருந்த கவ்விகளைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாக ஏதோ பூத்து, நாளுக்கு நாள் தடித்தது. பார்க்க எனக்குச் சீழ் கட்டின புண்ணாகத் தெரிந்தது. மேசையருகே நின்று வேலை செய்ததில் என் புடவையின் கரை, துவைக்கும்போது கையோடு பொத்தலாகப் பெயர்ந்து வந்தது. பரிசோதனைக்கு வந்த கர்ப்பிணிகள் உள்ளே நுழைந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வாந்தி எடுத்தார்கள். நான் அதைக் கழுவிக்கொண்டிருந்தேன். மாலையில் விளக்கு கொஞ்ச நேரம் மஞ்சளாக எரிந்து அணைந்துவிடும்.

சொல்லியனுப்பினதற்கு அவனுடைய ஆள் ஒருவன் வந்தான். பேட்டரியின் மூடிகளைத் திருகித் திறந்தான். என் குடிதண்ணீர்ப் பானையில் சொம்பை விட்டு மொண்டு, மூடிக்கு மூடி ஊற்றினான். ஓடைத் தண்ணீர் அது. மழைக்காலத்தில் கலங்கலாகத்தான் இருக்கும். பேட்டரிக்கு மேலே கவிழ்த்துப் பிடித்த அதே சொம்பைத் திரும்பப் பானைக்குள் போட்டான். நான் பானையோடு தூக்கி வெளியே எறிந்தேன். அவன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனான்.

ஒரு மழை நாள், பொழுது சாயும் நேரத்தில், பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண்ணைத் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். தலைப்பிரசவம். கூட மாமியாரும் புருஷனும். வேறு மேசை இல்லாததால் அதிலேயே படுக்கவைத்தேன். வெளியே காற்று கூரையைப் பிடித்து உலுக்கியது. மேலே எதுவோ சரிந்து உருளுகிற சத்தம் கேட்டது. கட்டுக்கம்பி அறுந்து பேனல் நழுவியிருக்கிறது. அது வயரையும் சேர்த்து இழுத்ததில், பிளாஸ்டர் சுற்றின இடம் பிரிந்து இரண்டு கம்பிகளும் ஒட்டிக்கொண்டன.

முதலில் வந்தது பிளாஸ்டர் கருகும் நாற்றம். நிமிர்ந்தேன். சட்டத்தை ஒட்டி வந்த வயர் முழுக்கப் புகைந்துகொண்டிருந்தது. அதன் மேல்தோல் உருகி, கறுப்புச் சொட்டாக மேசையின் ஓரத்தில் விழுந்தது. அடுத்த சொட்டு அந்தப் பெண்ணின் முழங்காலுக்குப் பக்கத்தில் விழுந்தது.

“தூக்குங்க! என் ஊட்டுக்குள்ள கொண்டு போங்க!” என்று கத்தினேன். புருஷன் அவளை அப்படியே வாரிக்கொண்டு பின்னறைக்கு ஓடினான். மாமியாருக்குக் கால் ஓடவில்லை. பிடித்துத் தள்ளினேன். நான் ரப்பர் கையுறை மாட்டியிருந்தேன். அதன் மேல் உலர்ந்த துண்டை மடித்துப் பிடித்து, மேசைக்கு அடியில் தவழ்ந்து போய், பேட்டரியின் கவ்வியைப் பிடுங்கினேன். நீலமாக ஒரு பொறி பறந்தது. அதோடு புகை நின்றது. அந்தப் பச்சைப் பூஞ்சை என் முழங்கை வரை ஒட்டியிருந்தது. தோல் எரிந்தது. கையை முழுக்கக் கழுவாமல் அந்தப் பெண்ணைத் தொடக்கூடாது. அங்கே அவள் அலறுகிறாள், இங்கே நான் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறேன். அவ்வளவு கோபத்தோடு நான் எப்போதும் கை கழுவியதில்லை.

குழந்தை என் அடுப்படியில் பாயின்மேல் பிறந்தது. பெண். அரிக்கேன் விளக்கை மாமியார் ஆடாமல் பிடித்திருந்தாள்.

“அந்த வெளிச்சமே வேண்டாஞ் சாமி. இனிமே எங்க புள்ளைங்கள அந்த ரூம்புல படுக்க வெக்க மாட்டோம்” என்றாள் குழந்தையைத் துடைத்துக்கொண்டே.

சந்தை நாளில் அவன் கீழே இருப்பான் என்று கேட்டறிந்து, அந்த வாரச் சந்தைக்கு முதல் பஸ் பிடித்துப் பேளுக்குறிச்சிக்கு இறங்கினேன். கருகிய வயரை, பிளாஸ்டரும் பச்சைப் பூஞ்சையும் ஒட்டியபடியே, ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்துப் போனேன். சந்தைக்கு எதிரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவன் இருந்தான். இலையில் சோறு, கறிக்குழம்பு. எலும்பை உறிஞ்சிக்கொண்டே என்னைப் பார்த்தான். நடந்ததைச் சொன்னேன்.

“மலைக்காரங்க ஏதாச்சும் கை வெச்சு நோண்டியிருப்பாங்க. அவங்களுக்கு என்னம்மா தெரியும், கரண்டப் பத்தி?” என்றான்.

“அவங்க யாரும் தொடலீங்க.”

“அப்ப நீங்க தொட்டிருப்பீங்க.”

பிள்ளை பெறுகிறவளின் மேல் நெருப்புச் சொட்டியதை ஒரு கறித்துண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கேட்டு முடித்துவிட்டான். குழம்பு வழிந்த விரலை நக்கிவிட்டு, மறுசோறு போடச் சொல்லிக் கை காட்டினான். நான் காகிதத்தைப் பிரித்து, அந்த வயரை அவன் இலையின் நடுவில், சோற்றின்மேல் வைத்தேன்.

அவன் பெஞ்சு பின்னால் சாயத் துள்ளி எழுந்தான். “திங்கற எலையில கொண்டாந்து இந்தக் கருமத்த வெக்கிறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா!” என்று கத்தினான். முகம் கோணிப்போயிருந்தது. எச்சிலைக் கூட்டிக் கூட்டித் துப்பினான். அவனுக்கும் அருவருப்பு என்று ஒன்று இருக்கிறது என்பதை அன்றுதான் பார்த்தேன். அது அவன் இலையின் விளிம்போடு நின்றுவிடுகிற அருவருப்பு.

கடையில் இருந்தவர்கள் என்னைத்தான் திட்டினார்கள். சோற்றை அவமதித்துவிட்டேனாம். ஒருவர் மட்டும், “என்னங்கம்மா அது, வயரா?” என்று கேட்டார். அவருக்கு விளக்கிச் சொல்லிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாவிடம் போய், பையில் கொண்டுபோயிருந்த பொத்தல் புடவையையும் என் கையையும் காட்டினேன். அந்த அம்மாள் மேலதிகாரிகளிடம் பேச அங்கேயே போனை எடுத்தார்.

சேலத்திலிருந்து வேறொரு மெக்கானிக் வந்தார். கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். சிரிப்பு என்பதே கிடையாது. வாசலில் நின்று கூரையைப் பார்த்தார். காக்கை எச்சமும் இலைச் சருகுமாக ஓட்டின்மேல் சாய்ந்துகிடந்தது பேனல். “தூ” என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

“இத்தன எச்சம் இருக்குது. ஒரு ஈரத்துணி எடுத்துத் தொடைக்க மாட்டீங்களா?” என்று என்மேல் பாய்ந்தார்.

“கூரைமேல ஏறச் சொல்றீங்களா? ஏணி நீங்க குடுத்தீங்களா?” என்றேன். அதற்குப் பிறகு கொஞ்சம் தணிந்தார்.

தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் பெட்டி. இரண்டு வயரும் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போயின. நடுவில் ஒரு பல்லியின் முட்டை ஓடு கிடந்தது. “கண்ட்ரோலரே வெக்கலீங்க. பேட்டரி நெறைஞ்சதுக்கு அப்புறமும் வெயில் இருக்கற வரைக்கும் கரண்டு ஏறிட்டே இருந்திருக்கு. அதான் கொதிச்சிருக்குது. கொதிச்சுக் கொதிச்சு பேட்டரியே கெட்டுப்போனதாலதான் விளக்கும் நிக்கலீங்க” என்றார். பியூஸ் எங்கே என்று தேடினார். அதுவும் இல்லை. நான் கவ்வியைப் பிடுங்கியதைச் சொன்னபோது அவர் முகம் மாறியது. “கொதிக்கிற பேட்டரியிலருந்து வர்ற கேஸு தீப்புடிக்கும். அந்தப் பொறியில வெடிச்சிருந்தா ஆசிட் மூஞ்சியிலதான் அடிச்சிருக்கும். ஒரு பியூஸ் இருந்திருந்தா அதுவா அத்துட்டுப் போயிருக்குமுங்க.”

அவர் வேலை செய்த விதத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். வெயில் பட்டாலே பேனலில் கரண்டு வரும் என்று அதன்மேல் கம்பளியைப் போர்த்திவிட்டுத்தான் வயரைத் தொட்டார். பேனலைக் கூரையிலிருந்து இறக்கி, மர நிழல் விழாத வெட்டவெளியில் கம்பம் நட்டு, தெற்கே பார்க்கச் சாய்த்து, இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு முறுக்கினார். மலையில் இடி அதிகம் என்று சட்டத்திலிருந்து மண்ணுக்குள் எர்த்துக் கம்பி இறக்கினார். பேட்டரியைச் சாய்த்துப் பார்த்தபோது உள்ளே சேறு. அதைத் தூக்கிப் போகச் சொல்லிவிட்டுப் புதிதாக ஒன்று வரவழைத்தார். வெளிச்சுவரை ஒட்டி, மேலும் கீழும் காற்றுத் துளை போட்ட மரப்பெட்டிக்குள் பலகைமேல் அதை வைத்தார். பக்கத்திலேயே பியூஸ். தடித்த வயர் குழாய்க்குள் போனது. பேட்டரி இணைப்பை முதலில் கொடுத்து, எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுக் கடைசியில்தான் பேனலை இணைத்தார். டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு எதையும் ஊற்றினால் தான் திரும்பி வரமாட்டேன் என்று மிரட்டிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, காபி வாங்கிக் குடித்தார்.

அந்த விளக்கு நான் மாற்றலாகிப் போகும்வரை ஒழுங்காக எரிந்தது. பிரசவ அறையைக் கழுவிக் கழுவி, சுவரைச் சுரண்டி மறுபடி வெள்ளையடித்தேன். அப்படியும் பெண்கள் திரும்பி வர ரொம்ப நாளாயிற்று. கொஞ்சம் பேர் வரவே இல்லை. வீட்டிலேயே பெற்றுக்கொண்டார்கள். அதில் ஒருத்தி ரத்தப்போக்கில் இறந்துபோனாள். அவள் சாவை யாரும் அந்தப் பேட்டரியோடு சேர்த்துப் பேசவில்லை. நான் பேசினேன்.

அந்த சூப்பர்வைசருக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்து அரியூர் நாட்டில் வீடுகளுக்கு விளக்கு மாட்டும் வேலையும் அதே ஒப்பந்தக்காரருக்குத்தான் போனது. தடுப்பூசி போடப் போகிற ஊர்களிலெல்லாம் பெண்களிடம் சொல்லிவைத்தேன். பேட்டரியைப் படுக்கிற இடத்தில் வைக்க விடாதீர்கள், பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், பியூஸ் எங்கே என்று கேளுங்கள். ஓர் ஊரில் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து அவன் ஜீப்பை மறித்திருக்கிறார்கள். பெட்டியைத் திறக்காமல் யார் வீட்டிலும் நுழையக்கூடாது என்று நின்றார்களாம். அவன் கெட்ட வார்த்தையால் திட்டிக்கொண்டே கீழே போய், கண்ட்ரோலரும் பியூஸும் வாங்கி வந்து மாட்டியிருக்கிறான். மனசு மாறிச் செய்ததல்ல. பக்கத்து ஊரில் யாரும் கேட்கவில்லை. அங்கே பழையபடி வெறும் பெட்டியைத்தான் மாட்டிவிட்டுப் போனான்.