வெயில் பார்த்து அடித்த மணி

நாமகிரிப்பேட்டையில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் கடிகாரம் கிடையாது. கூரையில் ஓர் ஓடு உடைந்திருந்தது. அந்தப் பொத்தல் வழியாக எட்டணா அளவுக்கு ஒரு வெயில் வட்டம் விழுந்து தரையில் ஊர்ந்துகொண்டே இருக்கும். டீச்சரம்மா அங்கே ஒரு கோடு போட்டிருந்தார். வட்டம் கோட்டைத் தொட்டால் சோற்று மணி. வெளியே தொங்கும் தண்டவாளத் துண்டை அடிக்க வேண்டும். வாரத்துக்கு ஒருத்தி. அவள் கணக்கும் போட வேண்டும், வெயிலும் பார்க்க வேண்டும். மற்றவர்கள் சொல்லித்தரக் கூடாது.

என் முறை வந்த திங்கட்கிழமை வெயிலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். மணி சரியாக அடித்தது. ஸ்லேட்டில் ஒரு கணக்குக்கூட இல்லை. அதற்கு ஈடுகட்ட, செவ்வாய்க்கிழமை கணக்கில் மூழ்கினேன். கடைசிக் கணக்கும் சரியாக வந்த பெருமையில் நிமிர்ந்தபோது வட்டம் கோட்டைத் தாண்டி ஒரு முழம் போயிருந்தது.

ஓடிப்போய் அடித்தேன். “ஏனுங்க மணியக்காரரே, இன்னிக்குச் சோறு உண்டுங்களா, இல்லீங்களா?” என்று பின்வரிசைக்காரி கும்பிட்டாள். ஒன்றாம் வகுப்பில் என் தங்கை பசியில் அழுதுகொண்டிருந்தாள். இனி மணி என் கைக்கு வராது என்று நினைத்துக்கொண்டேன்.

டீச்சரம்மா திட்டவில்லை. “நாளைக்கு மறக்காம இருக்க என்ன பண்ணலாம்? நீயே சொல்லு சாமி” என்றார்.

“நீங்க ஒரு குரல் குடுங்க டீச்சர்.”

“நான் குடுக்க மாட்டேன். வேற சொல்லு.”

மறுநாள் ஸ்லேட்டைக் கோட்டின் மேலேயே வைத்து எழுதினேன். நான்காவது கணக்கின்மேல் வெயில் வந்து விழுந்தது.

என் மகளுக்கு இப்போது ஆறு வயது. தினமும் ஸ்லேட்டை மறந்துவிட்டுப் படி இறங்குகிறாள். சும்மா இருந்தால் அடி வாங்குவாளோ, சொல்லிக்கொண்டே இருந்தால் கெட்டுப்போவாளோ என்று யோசிப்பதற்குள் “ஸ்லேட்டு!” என்று கத்திவிடுகிறேன். இன்று காலை மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். தெருமுனைவரை போனவள் நின்றாள், திரும்பி ஓடிவந்தாள். அதற்குள் என் முந்தானை நுனியில் நான்கு விரற்கடைக்கு நூலைப் பிரித்துவிட்டிருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை டீச்சரம்மாவின் சோற்றுத் தூக்குப்போசி திறக்கப்படாமலே இருந்தது. மேசைமேல் ஒரு முழுச் சாக்கட்டி துண்டு துண்டாக ஒடிந்து கிடந்தது. அவரும் சோற்று நேரத்தை மறந்துபோனார் என்றுதான் அன்று நினைத்தேன். துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போய்ப் பாண்டியாடக் கட்டம் போட்டோம்.