மாத்திரை கேட்காத உடம்பு

பேருந்து இருக்கைகளுக்கு உறை தைக்கும் பட்டறையில் அவளுக்கு இரண்டு பெயர்கள். வேலை நடக்கும்போது ‘அக்கா’. தலைவலி என்று நெற்றியைப் பிடித்தால் ‘சினிமா’. இரண்டாவது பெயரை வைத்தவன் அதே பட்டறையில் ஸ்பாஞ்ச் வெட்டும் அவளுடைய சொந்தத் தம்பி.

பல வருஷங்களுக்கு முன் கடைவாய்ப்பல் பிடுங்கியபோது வந்த பெயர் அது. வலி மாத்திரையை விழுங்கிவிட்டும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். “ஊருக்கெல்லாம் கேக்குற மாத்திரை உனக்கு மட்டும் கேக்காதா? நீ சினிமாவுக்குப் போயிருக்கலாம் அக்கா,” என்றான் தம்பி. வீடே சிரித்தது. கணவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு பித்தப்பை ஆப்பரேஷன். அதே மாத்திரை, அதே வலி, அதே சிரிப்பு. நாளடைவில் அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

இப்போது வலது கை. கட்டைவிரலும் பக்கத்து விரல்களும் மரத்துப்போயின. மெஷினில் எப்படியோ ஒப்பேற்றிவிடுவாள். மூலைகளைக் கையால் முடிக்கும்போதுதான் ஊசி நழுவி ரெக்சின்மேல் விழும், விழுந்ததே தெரியாது. மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது, சின்ன ஆப்பரேஷன்தான், விட்டுவிட்டால் விரலில் பிடியே போய்விடும் என்றார் டாக்டரம்மா. அவள் ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டாள். கத்திக்குப் பயமில்லை. அதற்குப் பின்னால் வரும் வலிக்கும், அந்த வலியை நம்பாத முகங்களுக்கும்தான் பயம்.

“எதுக்கும்மா இப்படி ஓடி ஒளியறீங்க?” என்று டாக்டரம்மா ஒருநாள் கேட்டேவிட்டார். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அந்த மாத்திரையின் பெயரைக் கேட்டார். மரபணுப் பரிசோதனை ஒன்று செய்து பார்க்கலாம், எச்சில் கொடுத்தால் போதும் என்றார்.

“வலிக்கு எச்சில்ல என்ன தெரியும்?”

“மருந்து உங்க உடம்புல எப்படி வேலை செய்யும்னு ஓரளவு தெரியும். எல்லாத்தையும் சொல்லிடாது. உங்களுக்கு உபயோகப்படும்னு தோணுது.”

மறுநாள் காலை சமையலறை மேசையில் சின்னக் குழாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பதற்றத்தில் வாய் காய்ந்துபோயிருந்தது. “காலமெல்லாம் நூலுக்கு வர்ற எச்சில், குழாய்க்கு மட்டும் வராதாக்கும்,” என்றார் கணவர். அவள் எழுந்துபோய் ஊசியையும் நூலையும் எடுத்துவந்தாள். நூல் நுனியை உதட்டருகே கொண்டுபோனதுதான் தாமதம், வாய் ஊறிவிட்டது.

முடிவு வந்ததும் அவளும் கணவரும் டாக்டரம்மாவிடம் போனார்கள்.

“இந்த மாத்திரை விழுங்கினதும் அப்படியே வலியைப் போக்கிடாது. உடம்பு அதை வேற ஒண்ணா மாத்தணும். உங்க உடம்புல அந்த வேலை நடக்கிறதே இல்ல. கூடப் பிறந்தவங்களுக்கும் இப்படி இருக்கலாம், சொல்லி வைங்க.”

“அப்போ நான் நடிக்கலையா டாக்டர்?”

“இல்லம்மா. உங்களுக்குக் கேக்குற மாதிரி வேற மருந்து இருக்கு.”

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கணவர், “அந்தப் பல்லு பிடுங்கினப்போ… நிஜமாவே அவ்வளவு வலிச்சுதா?” என்றார்.

“ஆமா.”

அவர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் தண்ணீர் கேட்டிருக்கவில்லை.

பட்டறையில் தம்பியிடம் சொன்னபோது கிண்டலை எதிர்பார்த்தாள். அவன் ஸ்பாஞ்சைப் பார்த்தபடியே நின்றான். மற்றவர்கள் டீ குடிக்கப் போன பிறகு பக்கத்தில் வந்தான்.

“போன வருஷம் எனக்குக் குடலிறக்க ஆப்பரேஷன் பண்ணாங்கள்ல…”

“நல்லா ஞாபகமிருக்கு. தையல் காயுறதுக்குள்ள வேலைக்கு வந்துட்ட. சிங்கம்னு எல்லாரும் தூக்கி வச்சுக் கொண்டாடினாங்க.”

“சிங்கமும் இல்ல ஒண்ணும் இல்ல. எனக்கும் அதே மாத்திரைதான், கேக்கவே இல்ல. வீட்டுல முனகினா கேட்டுடும். இங்கன்னா மெஷின் சத்தம்.”

அவள் கையிலிருந்த ரெக்சினைக் கீழே வைத்தாள்.

“உன்னை சினிமான்னு சொல்லிட்டு நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வலிக்குதுன்னு சொல்றது?”

கோபம் வரவேண்டிய இடம். அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. “அடப்பாவி, என்னைவிட நீதான்டா பெரிய நடிகன்.”

அவனும் எச்சில் கொடுத்தான். அக்காவுக்கு வந்த அதே முடிவு.

ஆப்பரேஷனுக்கு அவள் தானாகவே நாள் கேட்டு வாங்கினாள். வீட்டு மருந்துப்பெட்டியின் மூடியில், ஆகாத மாத்திரையின் பெயரைக் கணவர் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார். ஆப்பரேஷன் முடிந்து வார்டில் படுத்திருந்தபோது, நர்ஸ் ஒவ்வொரு தடவை மாத்திரை கொண்டுவரும்போதும் அட்டையை வாங்கிப் படித்துப் பார்த்தவரும் அவர்தான்.

“வலிக்குதா?” என்று கேட்டார் கணவர்.

“வலிக்குது. தாங்கிக்கலாம்,” என்றவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள்.

கட்டுப் பிரித்த அன்று உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “தையல் சுமார்தான். இழுப்பு ஒரே மாதிரி இல்ல,” என்றாள். டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்.

விரல் தேறியபின் பட்டறைக்கு வந்தாள். நூல் நுனியை ஈரப்படுத்தி ஊசியில் கோத்தாள். ஊசியின் குளிர்ச்சி கட்டைவிரலில் லேசாகத் தெரிந்தது. அந்தப் பக்கம் தம்பி, “சினி—” என்று ஆரம்பித்து நிறுத்தி, “அக்கா, அந்த மூலையை முடிச்சிடு,” என்றான்.